ஐப்பசியில் நட வேண்டியதை ஆனியில் நடுகிறோம்

காலாப்பட்டைத் தாண்டி மரக்காணம் நோக்கிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரி ஆட்சிப்பரப்பு முடியப்போகும் பக்கத்தில் கனகசெட்டிக்குளம் இருக்கிறது. சாலைக்குக் கிழக்கே மணலும் மீனவர் குடியிருப்பும் கடலும். மேற்கே செம்மண், சவுக்கு, முந்திரி. பல்கலைக்கழகம், பொறியியல் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, கடலோர விடுதிகள், வாரக் கடைசியில் மட்டும் திறக்கும் வீடுகள் என்று கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்த வட்டாரத்துக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கட்டடம் எழும்பினால் தோட்டமும் வைத்தாக வேண்டும். அப்படி வைத்த தோட்டங்களை மே மாதத்தில் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: ஓரம் கருகிய புல்தரை, மூங்கில் கழியில் கட்டிவைத்த இலையுதிர்ந்த கன்று, நீளமாகக் கிடக்கும் ரப்பர் குழாய், வாசலில் டேங்கர் லாரி. வெயில் அதிகம், தண்ணீர் இல்லை, மண்ணும் மட்டம் என்று காரணம் சொல்வார்கள். எதுவும் பொய்யில்லை. ஆனால் இதே வெயிலில், இதே மண்ணில், யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமலே பச்சைப் பசேலென்று நிற்கும் மரங்கள் அதே சாலையோரம் இருக்கின்றன. எனவே பழியை வானத்தின் மீதும் மண்ணின் மீதும் மட்டும் போட முடியாது. எந்த மாதத்தில் நடுகிறோம், கோடையில் தோட்டத்திடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்ற இரண்டையும் நாம் வேறு ஊர்களைப் பார்த்துப் பழகிக்கொண்டோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

மழைக் கணக்கை முதலில் பார்க்கலாம். புதுச்சேரியின் ஆண்டுச் சராசரி மழை 1,300 மில்லிமீட்டரை ஒட்டியது. ஏதென்ஸ் நகரத்துக்குக் கிடைப்பது சுமார் 400. மூன்று மடங்கு மழை பெறும் ஊரை வறண்ட ஊர் என்று சொல்வதே தவறு என்று யாரும் வாதிடலாம். ஆனால் செடிக்குச் சராசரி தெரியாது. நம் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடிவதற்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஏதென்ஸ் ஓராண்டு முழுவதும் காணும் மழையைவிட அதிகம். தை பிறந்தபின் வானம் வெளுத்துவிடும். ஜனவரி முதல் மே வரை ஐந்து மாதங்களுக்கு, கோடை மழை என்று எப்போதாவது ஒன்றிரண்டு வந்தால் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை இடிமழை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெய்யும். ஒரு தெருவில் பெய்தால் அடுத்த தெருவில் பெய்யாது, பெய்ததும் மறுநாள் வெயிலில் ஆவியாகிவிடும்.

மத்தியதரைக் கடல் தட்பவெப்பம் என்று புவியியல் பாடத்தில் படித்திருப்போம்: குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. அந்தக் கடலைச் சுற்றிய நாடுகள், கலிபோர்னியா, சிலியின் நடுப்பகுதி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும் என உலகில் ஐந்தே இடங்களில்தான் அது உண்டு. சோழமண்டலக் கடற்கரை அந்தப் பட்டியலில் இல்லை. 12 பாகை அட்சரேகையில் இருந்துகொண்டு உண்மையான குளிர்காலத்தை நாம் கோர முடியாது, நம் கடற்காற்றின் புழுக்கமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் வேருக்கு முக்கியமான ஒரு விஷயத்தில் இந்தியாவின் பெரும்பகுதியைவிட நாம் அவர்களுக்கே நெருக்கம். டெல்லிக்கும் மும்பைக்கும் கேரளத்துக்கும் வெயில் உச்சத்தைத் தொட்ட கையோடு தென்மேற்குப் பருவமழை வந்து மண்ணை நனைத்துவிடும். நமக்குக் கத்திரி முடிந்த பிறகும் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். வெயில் தணியத் தொடங்கும்போதுதான் நமக்கு மழை தொடங்குகிறது. அங்கேயும் அப்படித்தான்.

அந்த நாடுகளின் தோட்டக்காரர்கள் பல காலம் இங்கிலாந்தைப் பார்த்துத் தோட்டம் போட்டு, பிறகுதான் தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். ஏதென்ஸ் பக்கத்தில் ஸ்பரோசா என்ற குன்றுச் சரிவில் ஜாக்குலின் டிர்விட் ஒரு தோட்டம் அமைத்தார். நகரத் திட்ட வல்லுநர். 1954இல் டெல்லியில் ஐ.நா.வின் வீட்டுவசதிக் கருத்தரங்கை நடத்திய அதே அம்மையார்தான். ஸ்பரோசாவில்தான் 1994இல் மத்தியதரைத் தோட்டச் சங்கம் தொடங்கப்பட்டது. அவர்கள் கடைப்பிடிக்கும் முறை சிக்கலானதல்ல. வசந்தத்தில் நடாதே, இலையுதிர்காலத்தில் முதல் மழையை ஒட்டி நடு; மழைக்காலம் முழுக்க வேர் இறங்கட்டும்; கோடையில் செடி சும்மா இருக்க விரும்பினால் சும்மா இருக்க விடு; புல்தரையை மற. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த முறையை. நாம் எடுத்துக்கொண்டதோ அவர்களின் படத்தை. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, தொட்டியில் ஆலிவ், வரப்போரம் லாவெண்டர் என்று கடலோர விடுதிகளின் விளம்பரங்களில் ஓர் அலங்காரம் வந்திருக்கிறது. ஆலிவ் பூக்கக் குளிர் வேண்டும். இங்கே பிழைத்தால் இலையோடு நிற்கும். லாவெண்டருக்கு வறட்சி பிரச்சினையே அல்ல, நம் கார்த்திகை மாதத்து ஈரத்தில்தான் அது வேரழுகிச் சாகும்.

நம் நாட்காட்டிக்கு வருவோம். 1950இல் அன்றைய மத்திய அமைச்சர் கே.எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கிவைத்தார். ஜூலை முதல் வாரம் மரம் நடும் வாரம். வட இந்தியாவுக்கும் மேற்குக் கரைக்கும் பொருத்தமான தேதி. அங்கே அப்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அந்தத் தேதி மாறாமல் அப்படியே நமக்கும் வந்தது. பின்னர் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். இந்த இரண்டு தேதிகளையும் சுற்றித்தான் பள்ளிகளும் அலுவலகங்களும் தொண்டு நிறுவனங்களும் கன்று நடுகின்றன. ஜூன் மாதத்தில் புதுச்சேரியின் பகல் வெப்பம் சராசரியாக 37 டிகிரியை ஒட்டி இருக்கிறது. குழியின் சுவர் செங்கல் மாதிரி காய்ந்திருக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கன்றை வைத்தால், சுற்றியுள்ள மண் அந்த ஈரத்தை அன்று மாலைக்குள் உறிஞ்சிவிடும். கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கிழித்துப் பார்த்தால் வேர்கள் பையின் அடியில் வட்டமிட்டுச் சுருண்டிருப்பது தெரியும். அந்தச் சுருளைப் பிரித்தோ நுனியைக் கத்தரித்தோ விட்டால்தான் புதுவேர் வெளியே போகும். வெளியே போக அங்கே ஈரமான மண் இருக்க வேண்டும். இல்லாதபோது வேர் பை மண்ணுக்குள்ளேயே அடைந்துகொள்கிறது. குழாயைப் பிடித்துத் தினம் இரண்டு நிமிடம் தெளிக்கிறார்கள். மேலே நான்கு விரற்கடை நனைகிறது. இருக்கிற வேரும் அந்த நான்கு விரற்கடைக்குள் மேலேறி வருகிறது. தண்ணீர் விடுகிறவர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் கன்று முடிந்தது. அடுத்த ஆண்டு அதே குழியில் இன்னொரு கன்று, இன்னொரு புகைப்படம்.

அதே கன்றைப் புரட்டாசிக் கடைசியிலோ, ஐப்பசி முதல் மழை மண்ணில் ஒரு முழம் இறங்கிய பிறகோ நட்டால் கதை வேறு. மண் சூடு தணிந்து, ஆனால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். வேர் வளர அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதம் வானமே தண்ணீர் விடுகிறது. தைப் பனியில் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். மாசியில் மேல்மண் காயத் தொடங்கும்போது வேர் ஈரத்தைத் துரத்திக்கொண்டு கீழே போகும். முதல் கோடையில் கன்றுக்கு உதவி தேவைதான். ஆனால் தினமும் தெளிப்பதல்ல, பத்து நாளைக்கு ஒருமுறை வட்டப் பாத்தி நிரம்ப ஊற்றுவது. அதற்கும் வழியில்லாத இடத்தில் மண்பானை இருக்கிறது. மெருகிடாத சாதாரணப் பானையைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, கொசு வராமல் வாயை மூடிவிட்டால் பானையின் சுவர் வழியே ஈரம் கசிந்து சுற்றுமண்ணுக்குப் போகும். மண் நனைந்திருந்தால் கசிவு குறையும், காய்ந்தால் கூடும். எந்தக் கருவியும் மின்சாரமும் இல்லாமல் தானே அளந்து ஊற்றும் ஏற்பாடு. இரண்டாவது கோடையில் பெரும்பாலான நாட்டு மரங்களுக்கு அதுவும் வேண்டியிருக்காது.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் முட்டாள்களா என்ற கேள்வி இங்கே வரும், வரவும் வேண்டும். அந்தப் பழமொழி விதையைப் பற்றியது. விதைக்கு முளைவிட ஒரு மழை போதும். இலை இரண்டு வருவதற்குள் வேர் அதைப் போல் பல மடங்கு கீழே போயிருக்கும். அந்தப் பயிர் ஆவணி, புரட்டாசி இடிமழைகளைப் பிடித்துக்கொண்டு ஐப்பசி மழைக்குத் தயாராகிவிடும். நர்சரியில் ஓராண்டு நிழலில், தினம் தண்ணீர் குடித்து வளர்ந்த மூன்றடிக் கன்று அப்படிப்பட்டதல்ல. அதற்கு இலை நிறைய, வேர் கொஞ்சம். விதைக்கு உரிய பட்டத்தைக் கன்றுக்குப் பொருத்தியதுதான் தவறு. உண்மையில் ஆடியில் பனங்கொட்டையும் வேப்பங்கொட்டையும் புங்கமும் நேராக ஊன்றுபவர்கள் சரியாகவே செய்கிறார்கள். அதற்குப் பழமொழியின் ஆதரவு முழுமையாக உண்டு. பனையைக் கன்றாக எடுத்து நடுவது கஷ்டம் என்பதையும் அவர்களிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு புயல். ஐப்பசியில் நட்டுவிட்டுக் கார்த்திகையில் புயல் வந்தால் எல்லாம் போகாதா? 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலை இந்த வட்டாரம் மறக்கவில்லை. ஆனால் அன்று விழுந்தவை எவை என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு முழக் கன்றுகளைக் காற்று ஒன்றும் செய்வதில்லை; பிடிக்க அவற்றில் எதுவும் இல்லை. சாய்ந்தவை வேகமாக வளர்ந்து, மேலே கனத்து, கீழே மேலோட்டமான வேரோடு நின்ற மரங்கள். ஆரோவில்லில் அதிகம் அடிவாங்கியவை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட அக்கேசியாக்கள். மெதுவாக வளர்ந்த நாட்டு மரங்கள் ஒப்பீட்டளவில் நன்றாகவே தாங்கின. விழா மேடைக்கு அருகே நடப்படும் எட்டடி, பத்தடிக் கன்றுகளுக்குப் புயல் ஆபத்துதான். அதற்குத் தீர்வு மாதத்தை மாற்றுவதல்ல, சின்னக் கன்றை நடுவது. தண்ணீர் தேங்குவது தனிப் பிரச்சினை. செம்மண் மேட்டில் அது குறைவு. களியும் தாழ்வுமான இடத்தில் குழிக்குப் பதிலாக ஒரு சாண் உயரத் திட்டு கட்டி நட வேண்டும். அப்படியும் பயப்படுபவர்கள் புயல்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும் மார்கழிக் கடைசியில் நடலாம். அப்போதும் மண்ணில் ஈரம் இருக்கும். ஜூன் மாதத்தைவிட எந்த வகையிலும் மேல்.

புல்தரைக்கு வருகிறேன். கால் ஏக்கர் என்பது ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். கத்திரி வெயிலில் அதைப் பச்சையாக வைத்திருக்க நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டராவது தண்ணீர் வேண்டும், குறைத்தே சொல்கிறேன். அதாவது தினம் 5,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து மனிதர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் இலக்கு 55 லிட்டர். யாரும் பெரும்பாலும் கால் வைக்காத கால் ஏக்கர் புல், தொண்ணூறு பேரின் பங்கைக் குடிக்கிறது. புதுச்சேரியின் குடிநீர் முழுக்க நிலத்தடியிலிருந்து வருவது. கடலோரத்தில் அந்த நீரில் உப்பு ஏறிவருவது புதிய செய்தியல்ல. கடற்கரையில் போர் போட்டு இறைக்க இறைக்க நன்னீர் விட்ட இடத்தில் கடல்நீர் நகர்ந்து வருகிறது. ஒருமுறை உப்பேறிய கிணறு சுலபத்தில் திரும்பாது. புல்லுக்கும் உப்பு ஆகாது என்பதால் கடைசியில் டேங்கர் லாரி வருகிறது, வேறொரு ஊரின் கிணற்றைக் காலி செய்துகொண்டு. கேப் டவுன் 2018 பிப்ரவரியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. வறட்சிகளில் அடிபட்ட கலிபோர்னியா, வணிக வளாகங்களிலும் அரசு வளாகங்களிலும் வெறும் அலங்காரத்துக்கான புல்லுக்குக் குடிநீர் பாய்ச்சுவதைப் படிப்படியாகத் தடை செய்ய 2023இல் சட்டம் போட்டது. விளையாட்டுத் திடலை அந்தச் சட்டம் தொடவில்லை. நாமும் தொட வேண்டாம். பிள்ளைகள் ஓடியாடும் புல் வேறு, கட்டடத்தின் முன்னால் படத்துக்காகக் கிடக்கும் புல் வேறு.

புல் போனால் மே மாதத்தில் எல்லாம் காய்ந்து கிடக்கும், விருந்தினர் யார் வருவார்கள், வெப்பத்தைத் தணிக்கவாவது பசுமை வேண்டாமா என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் கனகசெட்டிக்குளத்துக்குப் பக்கத்திலேயே, கீழ்ப்புத்துப்பட்டில் இருக்கிறது. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்த கோயில்காடு அது. வெட்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் தப்பியது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் வகைப்படுத்தும், சோழமண்டலக் கரைக்கும் இலங்கையின் வறண்ட பகுதிக்கும் உரிய காட்டின் மிச்சம். புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என். பார்த்தசாரதியும் அவருடைய மாணவர்களும் இதைப் போன்ற காடுகளின் மரங்களைப் பல ஆண்டுகள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். காயா, வீரை, பாலை, நாவல், கருங்காலி, காட்டு எலுமிச்சை இதெல்லாம் இந்தக் காட்டு வகையின் மரங்கள். பாலையின் இலை ஒன்றைக் கையில் எடுத்தால் காரணம் புரியும். தோல் போன்ற தடிப்பு, மேலே கரும்பச்சை, கீழே வெளிர்ப்பு, நுனியில் சின்ன வெட்டு. மடித்தால் ஒடியுமே தவிர துவளாது. கிரேக்கத்துக் குன்றுகளின் புதர்மரங்களும் ஏறக்குறைய இதே உத்தியைத்தான் கையாள்கின்றன: சிறிய தடித்த இலை, ஆண்டு முழுக்க உதிராமல் வைத்துக்கொள்வது, ஆழமான வேர். ஆக, தண்ணீர் விடாத தோட்டம் என்றால் பழுப்பாகத்தான் இருக்கும் என்ற பயம் இந்தக் கரைக்குப் பொருந்தாது. இங்கே காய்ந்துபோவது புல், மரம் அல்ல. நிழல் தரும் மரத்தின் கீழே உட்கார முடியும், நண்பகலில் புல்தரையில் யாரும் உட்கார முடியாது.

பூவுக்கும் பஞ்சமில்லை. வேம்பு பூப்பது சித்திரையில். இல்லாவிட்டால் வருஷப்பிறப்புப் பச்சடி ஏது? சரக்கொன்றை மஞ்சளாய்த் தொங்குவதும் கத்திரியில். ஆவாரை தைப்பொங்கல் காப்புக்கட்டுக்குப் பூத்து நிற்கும். தண்ணீர் கேட்காத புதர், வேலியோரத்துக்கு அதைவிடப் பொருத்தமானது எது? மணற்பாங்கான கடலோர மனைகளுக்குப் புன்னை, பூவரசு, தாழை, மணலைக் கட்டிப்பிடிக்கும் அடும்பு. இவற்றில் புன்னையும் தாழையும் அடும்பும் சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைச் சொல்ல எடுத்துக்கொண்ட அதே செடிகள்; எல்லாமே உப்புக்காற்றுக்கு அஞ்சாதவை. விராலியை இங்கே விறகுக்கு வெட்டுகிறார்கள். கலிபோர்னியாவில் அது காசு கொடுத்து வாங்கும் வேலிச்செடி. அரளி நம் நந்தவனங்களிலும் இருக்கிறது, மத்தியதரைக் கடல் நாடுகளின் காய்ந்த ஓடைப் படுகைகளிலும் இயற்கையாக வளர்கிறது. (நஞ்சு என்பதால் ஆடுமாடும் குழந்தைகளும் புழங்கும் இடத்தில் வேண்டாம்.)

நாட்டுச் செடி மட்டுமே வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புதுச்சேரியில் 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தாவரவியல் பூங்கா தொடங்கியதிலிருந்து இந்த ஊருக்கு எத்தனையோ நாடுகளின் செடிகள் வந்து, ஊரோடு ஒட்டிக்கொண்டன. அதற்கு முன்பும் வந்தன. முந்திரியே பிரேசிலிலிருந்து வந்ததுதான். ஒயிட் டவுன் மதில்களில் வழியும் காகிதப்பூ தென் அமெரிக்கச் சரக்கு. அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன், ஏனென்றால் தண்ணீரைக் குறைத்தால்தான் அது நன்றாகப் பூக்கும். தினம் குளிப்பாட்டினால் வெறும் இலையாகத் தழைக்கும். செடியின் பிறப்பிடத்தை விசாரிப்பதைவிட அது சித்திரையைத் தாண்டுமா, கார்த்திகை வெள்ளத்தைத் தாண்டுமா என்ற இரண்டு கேள்வி போதும். இரண்டையும் தாண்டும் செடி எங்கிருந்து வந்தாலும் வரட்டும்.

வீட்டுக்காரர்களின் மறுப்பு வேறு மாதிரி: புதர் வைத்தால் பாம்பு வரும், சருகு போட்டால் கரையான் வரும். இதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை, செம்மண் பூமியில் கரையான் உண்மை. சருகை அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளி வளையமாகப் பரப்பினால் போதும். வீட்டைச் சுற்றிப் பத்தடிக்கு வெறும் மண்ணாகவோ சரளையாகவோ கூட்டிப் பெருக்கி வைத்துக்கொண்டு, புதரை வேலியோரத்துக்குத் தள்ளுவது நம் பழைய மனைகளின் வழக்கமே. ஆனால் தினமும் காலையில் உதிர்ந்த இலையையெல்லாம் கூட்டி மூலையில் தீ வைத்துவிட்டு, மாலையில் நர்சரிக்குப் போய்க் காசு கொடுத்துத் தென்னை நார்க்கழிவு மூட்டை வாங்கிவரும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்றுதான் தெரியவில்லை. மண்ணை மூடும் போர்வை மரத்திலிருந்து தானாக விழுகிறது. மூன்று விரற்கடை சருகு இருந்தால் கீழே மண் சுடாது, ஈரம் கூடுதல் நாட்கள் நிற்கும், மழைக்காலத்தில் மேல்மண் கரைந்து ஓடாது. ஆரோவில் 1968இல் தொடங்கியபோது அந்த மேடு புல்லும் பிடிக்காத செம்மண் பொட்டல். அங்கே மரம் நடுவதோடு வரப்பு வெட்டி மழைநீரை நிலத்திலேயே நிறுத்தினார்கள். ஓடும் நீரை நிறுத்தாமல் நட்ட கன்றுக்குக் கோடையில் கொடுப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

கடைசியாக மிஞ்சும் மறுப்பு எனக்கும் உடன்பாடானது: இந்தக் கன்றுகள் கிடைப்பதில்லை. சாலையோர நர்சரிகளில் இருப்பது ஆந்திரத்துக் கடியத்திலிருந்து லாரியில் வரும் அலங்காரச் செடிகளும் புல் விரிப்பும்தான். வீரையும் காயாவும் கேட்டால் பெயரே புரியாது. நர்சரிக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. விற்பதை அவர் வைக்கிறார். ஆரோவில் தாவரவியல் தோட்டமும் பிச்சாண்டிக்குளம் காடும் இந்த நாட்டு மரங்களை விதையிலிருந்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன, ஆகவே அறிவு இருக்கிறது, இல்லாதது கொள்முதல். காலாப்பட்டு முதல் கனகசெட்டிக்குளம் வரை பெரிய மனைகள் பெரும்பாலும் அரசு மற்றும் கல்வி நிறுவனங்களின் கையில்தான் இருக்கின்றன. ஒப்பந்தப் புள்ளியில் புல்தரைக்குப் பதிலாக இந்த மரங்களின் பெயரை எழுதி, ஒப்படைக்கும் தேதியை அக்டோபர் என்று போட்டு, பணத்தில் ஒரு பங்கை இரண்டாவது கோடையில் உயிரோடு இருக்கும் கன்றுகளுக்கு மட்டும் தருவதாக நிபந்தனை வைத்தால் சந்தை தானாக மாறும். விடுதிகளுக்கும் கட்டட அனுமதியோடு இதைச் சேர்க்கலாம்.

இதில் ஒரு கால நெருக்கடி உண்டு. நாவலும் வேம்பும் பழுப்பது ஜூன், ஜூலையில். இரண்டின் விதையும் வைத்திருந்து விதைக்கும் ரகமல்ல. பழம் விழுந்த சில நாட்களுக்குள், அதிகம் போனால் இரண்டு மூன்று வாரத்துக்குள் மண்ணுக்குள் போனால்தான் முளைக்கும். அக்டோபரில் கூட்டம் போட்டு முடிவெடுத்தால் அந்த ஆண்டு விதை கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜூன் 5 அன்று என்ன வேலை கொடுப்பது என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: குழி வெட்டச் சொல்லாமல், கோயில் வாசலிலும் சாலையோரத்திலும் பழுக்கத் தொடங்கியிருக்கும் மரங்களைக் குறித்துவரச் சொல்லலாம். பிறகு பழம் பொறுக்கிச் சதையைக் கழுவிப் பையில் விதைத்தால் அடுத்த ஆண்டு புரட்டாசிக்குள் நடும் பதத்துக்கு ஒன்றரை அடிக் கன்று தயாராகிவிடும். வன மகோத்சவத்துக்கென்று ஒதுக்கும் தொகை அதற்குத் தாராளமாகக் காணும்.